தாசம் அம்மா சொல்லும் பதில்

துடைப்பச் சத்தம் நின்றால் கல் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். குனிந்து எடுத்து, இடுப்பில் கட்டிய துணியின் பையில் போட்டுக்கொள்கிறாள். மறுபடி சரக், சரக். விடிந்தும் விடியாத நேரம். நான் கடைக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறேன். பனியில் தெரு எது, வானம் எது என்று தெரியாது. அதற்குள்ளிருந்து அந்தச் சத்தம் மட்டும் மெல்ல நகர்ந்து எங்கள் கடை வாசலுக்கு வரும்.

குப்பைக்காக அவள் பெருக்குவதில்லை. காய்ந்த தேக்கிலை கிடந்தால் அதுபாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவாள். அவள் தேடுவது கூர்மையான கல், ஆணி, உடைந்த பீர் பாட்டில் சில்லு, மூங்கில் சிராய். இன்னும் கொஞ்ச நேரத்தில் பிக்குகள் வரிசையாக இந்த வழியே பிட்சைக்கு வருவார்கள். வெறுங்காலோடு வருவார்கள்.

அவர்களுக்கு ஒரு பிடி சோறு போடமாட்டாள். அவள் கிறிஸ்தவப் போதகரின் மனைவி. எங்களுக்கெல்லாம் ஏசுவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று கொரியாவிலிருந்து புருஷனோடும் மகளோடும் வடக்குத் தாய்லாந்தில் எங்கள் யோம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தவள். பிக்குகளின் தலை தெரு முனையில் தெரிந்ததும் துடைப்பத்தை வேலியில் சாத்திவிட்டு, ஒதுங்கி நின்று, இடுப்பு வளைய ஒரு வணக்கம் போடுவாள். அதே வணக்கத்தைத் தபால்காரருக்கும் போடுவாள், ஐஸ் வண்டிக்காரனுக்கும் போடுவாள்.

"சோறும் போடமாட்ட, மண்டி போட்டுக் கும்பிடவும் மாட்ட. பின்ன எதுக்குடி உனக்கு இந்த வேலை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கால்ல குத்தும் இல்ல அக்கா?" என்றாள்.

பெயர் மிரான். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மகள் பெயர் தாசம். அதனால் இவள் தாசம் அம்மா.

எதிர்வீட்டுக்குக் கொரியாக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தபோது எங்கள் தெருப் பெண்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். எல்லாம் டி.வி. சீரியல் பண்ணின வேலை. பளிங்கு முகம், நீளக் கோட்டு, கண்ணில் எப்போதும் ஒரு துளி நீர் என்று எதிர்பார்த்தோம். வேனிலிருந்து இறங்கியது பூப்போட்ட தொளதொள கால்சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒரு குட்டைப் பெண். இறங்கியதும் முதல் வேலையாக இடுப்புயர மண்ஜாடி ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். "சீரியல்ல வர்ற மாமியார் வீட்டு வேலைக்காரி மாதிரியில்ல இருக்கா," என்று என் நாத்தனார் புவாலா முகத்தைச் சுளித்தாள். அவளுக்கு இன்றுவரை அந்த ஏமாற்றம் தீரவில்லை.

பேச்சு அதைவிட வேடிக்கை. பேங்காக்கில் ஏதோ ஒரு மொழிப் பள்ளியில் புத்தக மொழியைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தாள். எங்கள் வடக்கத்திப் பேச்சு ஒரு வார்த்தை விளங்காது. முதல்முறை கடைக்கு வந்து, என் அரிசி நூடுல்ஸ் குழம்புக்கு முன்னால் கைகட்டி நின்று, "மதிப்பிற்குரிய அக்கா அவர்களே, இந்த உணவில் பன்றியின் இரத்தம் சேர்க்கப்பட்டுள்ளதா?" என்று கேட்டாள். கடையிலிருந்தவர்கள் கரண்டியைக் கீழே போட்டார்கள். என் வீட்டுக்காரர் பூன்மா எழுந்து நின்று, மார்பில் கை வைத்து, "சேர்க்கப்பட்டுள்ளது தாயே! தயவுசெய்து உட்காரப்படுங்கள்!" என்றார். அவள் அதற்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. பூன்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. சந்தையில் நடந்து போனால் போகிற வழியெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்கும், அதை வைத்தே ஆள் எங்கே போகிறார் என்று நான் கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் விடுவாரா?

பூண்டு உரிக்க உதவுகிறேன் என்று தினமும் கடைக்கு வருவாள். பள்ளிக்கூடத்தில் கற்றதையெல்லாம் எங்கள் கடையில் பூண்டு உரித்தே மறந்தாள். "சேர்க்கப்பட்டுள்ளதா" போய் "போட்டிருக்கா" வந்தது. கொஞ்ச நாளில் "அடச்சே" வந்தது. முதல் குளிர்காலத்தில் முட்டைக்கோஸை மூட்டை மூட்டையாக வாங்கிக் குளிக்கிற தொட்டியில் உப்புப் போட்டு ஊறவைத்தாள். மிளகாயில் புரட்டி ஜாடிக்குள் அடைத்தாள். தெருவே நாறிற்று. "தாசம் அம்மா, யாரைக் கொன்னு புதைச்ச?" என்று பூன்மா வேலிக்கு மேல் எட்டிப்பார்த்துக் கேட்டார். ஒரு கிண்ணம் கிம்ச்சி கொடுத்தாள். பதிலுக்கு அவர் என் சமையலறையிலிருந்து புளிக்கவைத்துத் தட்டிக் காயவைத்த சோயா வில்லையை எடுத்துக்கொண்டு போய், "உன்னுதுக்கு இது அப்பன்," என்று நீட்டியிருக்கிறார். அவள் அதை மோந்து பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாளாம். மனுஷர் பதறிப்போய் ஓடிவந்தார். நான் போய்க் கேட்டால், "எங்க அம்மா வீட்டு வாசனை அக்கா," என்கிறாள். வில்லையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் அவள் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள் என்று எனக்குத் தோன்றும்.

அவளிடம் ஒரே ஒரு கோளாறு. பொய் வராது. பெரிய பொய்யை விடுங்கள், யாருக்குத்தான் சுலபம். அவளுக்குச் சின்னப் பொய்யே வராது.

எங்கள் ஊரில் எதிர்ப்படுகிறவரை "எங்க போற?" என்று கேட்பது வழக்கம். அது கேள்வி இல்லை, ஒரு மரியாதை. "சும்மா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான். இவள் சைக்கிளை நிறுத்துவாள். ஒரு காலைத் தரையில் ஊன்றுவாள். ஆரம்பிப்பாள். "தபால் ஆபீசுக்குப் போறேன் அண்ணா. எங்க அம்மாவுக்குக் காஞ்ச மாம்பழம் அனுப்பறேன். போன தடவை எறும்பு போயிடுச்சாம், அதனால ரெண்டு கவர் போட்டிருக்கேன். அப்புறம் கத்தரிக்காய் வாங்கணும். தாசமுக்குப் பிடிக்காது. ஆனா எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்."

பூன்மாவுக்கு இது தினமும் வேண்டும். காப்பி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இது வேண்டும். கடை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காத்திருந்து கேட்பார். அவள் சொல்லி முடித்ததும், "செய்தி முடிஞ்சுதா? வானிலை அறிக்கை உண்டா?" என்பார். "இன்னிக்கு மலைத்தீப் புகை ஜாஸ்தி அண்ணா," என்று அதற்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் மிதிப்பாள்.

கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது ஒருநாள், "குழம்பு எப்படிடி?" என்று பெருமையாகக் கேட்டுத் தொலைத்தேன். "நேத்து நல்லா இருந்துச்சு அக்கா," என்றாள். அடிப்பாவி! சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை ஓங்கிவிட்டேன். அப்புறம் நாக்கில் விட்டுப் பார்த்தால் உப்பு தூக்கல்தான்.

"ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொன்னா உன் சாமி கோச்சுக்குமா?" என்றேன்.

"சாமிக்காக இல்ல அக்கா. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். இல்லாததை இருக்குன்னு சொன்னா காது சூடாயிடும்."

அது நிஜம். ஒருமுறை புவாலா தன் புது முடிவெட்டைக் காட்டி விடாப்பிடியாகக் கேட்டபோது, "அழ... அழகா..." என்று தொடங்கினாள். காது இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிட்டன. புவாலாவே பயந்துபோய், "சரி சரி, விடு," என்று சொல்லிவிட்டாள்.

பூன்மா விடுவாரா? "ஏம்மா, பாக்காததைப் பாத்தேன்னு சொல்லமாட்ட. அப்ப உங்க சாமியை மட்டும் பாத்தியாக்கும்?" என்று மடக்கினார். அவள் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பதில் சொல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது, வீட்டுக்காரரைத் திட்டினேன். மறுநாள் விடியற்காலையில் துடைப்பத்தோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"பாக்கல அண்ணா. கூப்பிட்டிருக்கேன். பாக்காதவங்களைக் கூப்பிடறது பொய் இல்ல."

பூன்மா சிரிக்கவில்லை. "அது சரி," என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்னப் பதில் வந்து நான் கேட்டதில்லை.

எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லாமல் இல்லை. போன புத்தாண்டுக்கு வழக்கம்போல ஒருவர் கையில் ஒருவர் வெள்ளை நூல் கட்டிக்கொண்டிருந்தோம். நல்லா இரு, நோய் வராமல் இரு என்று சொல்லிக் கட்டுவது. நான் அவளுக்கென்று நல்ல நூலாகப் பார்த்துத் திரித்துக் கொண்டுபோனேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேணாம் அக்கா. நம்பாம கட்டிக்கிட்டா உங்களை ஏமாத்தின மாதிரி," என்றாள். அத்தனை பேர் முன்னால் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு. பூன்மாதான் என் கையிலிருந்த நூலை வாங்கி அவள் சைக்கிள் கைப்பிடியில் கட்டினார். "வண்டி எந்த மதம்னு எனக்குத் தெரியாது. அதுகிட்ட நான் கேட்டுக்கறேன்," என்றார். அந்த நூல் அழுக்கேறிக் கறுத்துப்போய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவள் அவிழ்க்கவில்லை.

புருஷனைப் பற்றியும் சொல்லவேண்டும். போதகர் கிதே நெட்டையான, அதிகம் பேசாத ஆள். மலைக்கிராமங்களுக்குப் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக் கூடத்தில் கூடுகிற கூட்டம் ஒரு பிக்கப் வண்டிக்குள் அடங்கும். பிரசங்கத்தைவிட மோட்டார் பம்பு ரிப்பேர் அவருக்கு நன்றாக வரும் என்று ஊரில் பேச்சு. குழந்தை தாசம் கோயில் வளாகத்திலுள்ள பாலர் பள்ளியில் படிக்கிறது. மதியச் சோற்றுக்கு முன்னால் அங்கே சொல்லச் சொல்லும் பாலி மந்திரத்தை வீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்குமாம். அது முடியட்டும் என்று போதகர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாராம். அப்புறம் அவருடைய ஜெபம். "சோறு ஆறிப்போகுது அக்கா, அதான் கஷ்டம்," என்பாள் தாசம் அம்மா.

இந்த வெயில்காலத்தில்தான் அது நடந்தது.

நாங்கள் குழம்பில் போடுகிற செவ்வெறும்பு முட்டை கிடைக்கிற பருவம். வாய்க்கால் கரை மாமரத்தில் தலையளவு கூடு இருக்கிறது என்று பூன்மா மூங்கில் கழியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு போனார். கழி எட்டவில்லை என்று மரத்தில் ஏறிவிட்டார். கீழே சைக்கிளில் இவள் வந்திருக்கிறாள். உச்சிக் கிளையிலிருந்து அவர், "எங்க போற தாசம் அம்மா?" என்று கத்தியிருக்கிறார். இவள் நிறுத்தி, காலை ஊன்றி, அண்ணாந்து பார்த்து ஆரம்பித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், தாசம் தலையில் பேன், டீச்சர் கூப்பிட்டார், பேன் யாரிடமிருந்து வந்தது என்று பஞ்சாயத்து. பேன் என்றதும் அவர் சிரித்திருக்கிறார். கிளை முறிந்தது.

இதை அவளேதான் என்னிடம் சொன்னாள், ஒன்றையும் விடாமல்.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள், முதுகைப் படம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, உள்ளே ரத்தம் கட்டவில்லை, அதிர்ச்சிதான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். கூட்டிவந்தோம். வந்து படுத்தவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசவில்லை. யார் வந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. ஊட்டினால் ஒரு வாய், இரண்டு வாய், அப்புறம் கடைவாயில் வழிந்துவிடும். நாள் போகப்போகக் கன்னம் ஒட்டிப்போயிற்று. சிரிப்புச் சத்தத்தை வைத்துப் புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொண்ட எனக்கு, பக்கத்திலேயே படுத்திருக்கிறவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. பயமாக இருந்தது. இப்படியே கரைந்து போய்விடுவாரோ?

அந்தப் பயம் அவள்மேல் திரும்பியது. சாயங்காலம் படியேறி வந்தவளை வாசலிலேயே நிறுத்தினேன். "ஏண்டி, ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'சும்மா இப்படித்தான்'னு சொல்லிட்டுப் போயிருந்தா நீ என்ன கொறஞ்சா போயிருப்ப? மரத்து மேல இருக்கற மனுஷன்கிட்ட நின்னு கதை சொல்லணுமா?"

அவள் தப்பிக்கப் பார்க்கவில்லை. "ஆமா அக்கா. நான் பேசிட்டே இருந்தேன். அவர் சிரிச்சார்," என்றாள். போய்விட்டாள்.

சொன்னது சொன்னதுதான். நான் போய்ச் சமாதானம் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் துணியில் சுற்றிய பாத்திரத்தோடு மறுபடி வந்து நின்றாள். மஞ்சள் பூசணிக் கஞ்சி. உள்ளே விட்டேன். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஊட்டினாள். என் கையால் இரண்டு வாய் வாங்கியவர் அவள் கையால் நான்கு வாய் வாங்கினார். ஊட்டிக்கொண்டே சுவர் பக்கம் இருந்த அந்த முதுகைப் பார்த்து, "இன்னிக்கு எங்க போனேன்னா அண்ணா..." என்று ஆரம்பித்தாள். தபால் ஆபீஸ், கத்தரிக்காய், பேன் விவகாரம் முடிந்த விதம் எல்லாம் வந்தது. அதிலிருந்து தினமும் வந்தாள், தினமும் சொன்னாள். அவர் ஒருநாளும் திரும்பவில்லை.

கடைசியில் முய் மாமா வந்து பார்த்தார். முன்னே பிக்குவாக இருந்தவர், இந்த விஷயமெல்லாம் தெரிந்தவர். பூன்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உடம்பு மட்டும்தான் வீட்டுக்கு வந்திருக்கு," என்றார். "இவனோட குவன் அங்கயே மரத்தடியில பயந்து உட்காந்திருக்கு. போய்க் கூட்டிட்டு வரணும்."

எங்களுக்கு அது தெரிந்த சங்கதிதான். குவன் என்பது உயிர் இல்லை, உடம்புக்குள் குடியிருக்கிற துணை. பெரிய அதிர்ச்சி வந்தால் துள்ளி வெளியே விழுந்துவிடும். வழி தெரியாமல் விழுந்த இடத்திலேயே இருக்கும். மீன் அள்ளுகிற கைவலையைக் கொண்டுபோய் அள்ளி, விழுந்தவருடைய சட்டையால் மூடி, திரும்பிப் பார்க்காமல், யாரோடும் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கூட வருகிறவர் படிக்கட்டில் நின்று, "வந்துட்டானா?" என்று கேட்கவேண்டும். வீட்டுக்குள் இருக்கிறவர் "வந்துட்டான்" என்று சொல்லவேண்டும். வீடு பதில் சொன்னால்தான் அது உள்ளே வரும். பதில் இல்லாத வீட்டில் நிற்காது, போய்விடும். அப்புறம் எங்கே என்று தேடுவது?

முய் மாமா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தாசம் அம்மா அங்கேதான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் வரட்டுமா, வேணாமா அக்கா?"

"உன் இஷ்டம். பதில் சொல்லப் புவாலா இருப்பா."

"அவங்க பாத்துட்டுச் சொல்வாங்களா?"

"எதைடி பாக்க? வலையில என்ன மீனா இருக்கும்? வந்துட்டான்னு சொல்லணும், அவ்வளவுதான்."

அவள் பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் துடைத்தாள். "கஞ்சி குடுக்கணுமே. நான் வர்றேன்," என்றாள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் மலைத்தீ ஊர்ப் பக்கம் இறங்குகிறது என்று ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியில் கத்தினார். ஆண்கள் முதுகில் தண்ணீர்ப் பையோடு போனார்கள். போதகரும் போனார். தெருவில் ஆளே இல்லை. வெயில் புகைக்குள் போய்ப் பழுத்த பலாச்சுளை நிறத்தில் நின்றது. கருகின இலைச் சாம்பல் சத்தமில்லாமல் இறங்கி வந்து தோளில் உட்கார்ந்தது. அந்த மாதிரி நாளில் எல்லாமே தூரத்தில் நடப்பதுபோல இருக்கும், நம் காலடிகூட. புவாலாவையும் தாசம் அம்மாவையும் வீட்டில் விட்டுவிட்டு, நானும் முய் மாமாவும் வாய்க்கால் கரைக்குப் போனோம்.

முறிந்த கிளை கீழேதான் கிடந்தது. எறும்புகள் வேறு கிளையில் புதுக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவித்த முட்டை, ஒட்டும் சோற்று உருண்டை, வாழைப்பழம் எல்லாம் வலைக்குள் வைத்தோம். முய் மாமா கூப்பிட்டார். "பூன்மா, வாடா. மரத்தடியில இருக்காத, வாய்க்கால்ல இருக்காத. உன் பாய் விரிச்சிருக்கு, உன் பொண்டாட்டி சோறு வடிச்சிருக்கா. பயப்படாத, வீட்டுக்கு வா." நான் வெறும் காற்றைத் திரும்பத் திரும்ப அள்ளினேன். ஒரு தரம், கை கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. முய் மாமா தலையசைத்தார். பூன்மாவின் நீலச் சட்டையால் வலையின் வாயை மூடி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

திரும்பி நடந்த வழி எப்போதும் நடக்கிற வழிதான். ஆனால் அது முடியவே மாட்டேன் என்றது. குலுக்கினால் பயந்துவிடுமோ என்று அடிமேல் அடி வைத்தேன். எதிரே ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிற்று. தெருவுக்குள் நுழைந்தபோது பார்த்தேன், தாசம் அம்மா சாயங்காலமும் பெருக்கியிருக்கிறாள். எங்கள் படிக்கட்டு வரைக்கும் ஒரு கல் இல்லை.

அப்புறம்தான் கவனித்தேன். வாசலில் புவாலாவின் மோட்டார் சைக்கிள் இல்லை.

தீ அவர்கள் தோப்புப் பக்கம் திரும்பிவிட்டது என்று செய்தி வந்து, அவள் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறாள். அது எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக்குள் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள் என்பதும், அவள் யார் என்பதும்தான். நான் வாய் திறக்கக்கூடாது, அள்ளி வருகிறவள் பேசக்கூடாது.

முய் மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. படிக்கட்டின் கீழே நின்று குரல் கொடுத்தார். "வீட்டில யாரு? பூன்மா வந்துட்டானா?"

உள்ளே கிண்ணத்தில் கரண்டி வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

"வந்துட்டானா?" இரண்டாம் தரம். அவர் முகம் மாறியது. மூன்றாம் தரம் கேட்கிற வழக்கம் இல்லை.

மேலே, அறை வாசல் திரையை விலக்கிக்கொண்டு தாசம் அம்மா வந்து நின்றாள். என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ வார்த்தைகளை நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், இது அதில் சின்னது. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சொல்லுடி! பொய்யானால் அந்தப் பாவம் என் தலையில் விழட்டும், சொல்லித் தொலை! என் கண்ணாலேயே அவளைக் கெஞ்சினேன், திட்டினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு படி இறங்கி வந்தாள். வலையைப் பார்த்தாள். நீலச் சட்டையைப் பார்த்தாள். பிக்குகளுக்கும் தபால்காரருக்கும் போடுகிற அதே வணக்கத்தை இடுப்பு வளையப் போட்டாள்.

"வாங்க அண்ணா," என்றாள். "வீட்டுக்கு வாங்க. கஞ்சி ஆறிடும்."

நான் அவள் காதைத்தான் பார்த்தேன். சிவக்கவில்லை.

முய் மாமா ஒரு கணம் யோசித்தார். பிறகு, போ என்று என் முழங்கையைத் தொட்டார். படியேறினேன். அவள் முன்னால் ஓடிப்போய் அறை வாசலில் நின்று, திரையை ஒரு கையால் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து உள்ளே போனேன். பின்னால் திரை விழுகிற சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் பார்க்கவில்லை. பாய்க்கருகில் மண்டியிட்டு, வலையை அவர் மார்பில் வைத்த பிறகுதான் திரும்பினேன்.

அவள் இன்னும் திரையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதுகைக் கதவுநிலையோடு ஒட்டி, வயிற்றை எக்கி, இன்னொரு ஆள் நுழைகிற அளவுக்கு வழிவிட்டு நின்றிருந்தாள். இவ்வளவு நேரம் யாருக்காக அவள் அப்படி நிற்கிறாள் என்று பார்ப்பதற்காகத்தானோ என்னவோ, சுவர் பக்கம் கிடந்த தலை மெல்ல வாசல் பக்கம் திரும்பியது. அது முழுதும் திரும்பி முடிகிற வரையில் அவள் கையை இறக்கவில்லை.